மைக்கில் கோளாறு இல்லை

எங்கள் ரயில் நிலையத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘கனிவு’ என்று கேளுங்கள், பிளாட்பாரத்தில் படுத்திருக்கிற நாய்கூட மாடியைப் பார்க்கும். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி வந்த பெயர். நேரில் பழகினால் கனிவுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் ஏறும் மாடிப்படியில் எந்தப் போர்ட்டராவது மூட்டையை வைத்துவிட்டால் அன்றைக்கு அவன் தொலைந்தான். அவன் பரம்பரையையே இழுத்துவிட்டுத்தான் மேலே போவாள். மேலே போய் மைக்கைத் தட்டிவிட்டதும் வேறு ஆள். சற்றுமுன் திட்டு வாங்கிய போர்ட்டரே நின்று கேட்பான்.

நான் யாரென்று சொல்லவில்லையே. இரண்டாம் பிளாட்பாரத்தில் இருக்கிற பெண்கள் காத்திருப்பு அறை என் பொறுப்பு. பெஞ்சு துடைப்பேன், ஒழுகும் குழாயை இறுக்குவேன், டிக்கெட் இல்லாமல் காலை நீட்டித் தூங்குபவர்களைக் கிளப்பிவிடுவேன். எனக்கும் வாய் நீளம் என்று ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். வாயில்லாதவளை இந்த அறையில் வைத்தால் ஒரே வாரத்தில் பெஞ்சையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

கனிவு முதலில் பார்சல் ஆபீசில் இருந்தாள். மூட்டைகளை நகர்த்தி எண் ஒட்டுகிற வேலை. அங்கிருந்து அவள் ஒரு ஆளைக் கூப்பிட்டால் கடைசிப் பிளாட்பாரத்தில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். அப்போதிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, இந்தத் தொண்டையை எதற்கு மூட்டைகளுக்கு நடுவில் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டு, அவளை மாடியில் இருந்த அறிவிப்பு அறைக்கு அனுப்பினார். படிப்பைப் பார்த்துக் கொடுத்த வேலை இல்லை, சிபாரிசும் இல்லை. குரலுக்காகக் கொடுத்த நாற்காலி. குரல் போனால் மறுபடி மூட்டைதான் என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அது வெண்கலக் குரல். உச்சியில் போய் நின்று, அங்கிருந்து இறங்காமலே ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும். குரலைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்க மாடிப்படி வரைக்கும் வந்து, அதற்குள் ரயிலைத் தவறவிட்ட புண்ணியவான்களும் உண்டு. அவர்களுக்கும் அவளிடம் திட்டுதான் கிடைத்தது.

இப்படிப்பட்டவளுக்கு மாதத்தில் நாலு நாள் நரகம். சாதாரண வயிற்றுவலி என்று நினைக்காதீர்கள், எங்களுக்கெல்லாம் வராத வலியா? இது வேறு. ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவில் மாடியிலிருந்து இறங்கி வந்து என் அறையின் மூலை பெஞ்சில் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கும். வெந்நீர்ப் பையை நான் அடிவயிற்றில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள், ஒரு முனகல் வெளியே வராது. அடுத்த ரயில் நேரம் வந்ததும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறுவாள். நான் கீழே நின்று கேட்பேன். குரலில் ஒரு சின்னச் சுருக்கம்கூட இருக்காது. இவளை யார் பெற்றார்கள், என்ன போட்டு வளர்த்தார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார்கள், ஆனது. பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள், பல வருடம் காத்திருந்து ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. வலி மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. கடைசியில் ஒரு லேடி டாக்டர் தொப்புளருகே சின்னத் துளை போட்டு உள்ளே கேமரா விட்டுப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். கருப்பைக்குள் படர்ந்திருக்க வேண்டிய சதை வெளியே போய்க் கண்ட கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். மாதாமாதம் கருப்பைக்குள் ரத்தம் வரும்போது அங்கேயும் கசிகிறதாம். போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கிப் புண்ணாகி, குடலையும் கருப்பையையும் ஒன்றோடொன்று ஒட்ட வைத்திருக்கிறதாம். இத்தனை வருடமாக, “பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்” என்று அவளிடம் சொன்ன ஒவ்வொருவரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்க வேண்டும்போல எனக்கு இருந்தது.

டாக்டர் ஒரு ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். டானசோல் என்று பெயர். சில வருடங்களுக்கு முந்தைய கதை இது, இப்போது இந்த நோய்க்கு வேறு மாத்திரைகள் நிறைய வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இது ஆண் ஹார்மோனுக்குச் சொந்தக்கார மருந்து. மாதவிலக்கை நிறுத்தி வைக்கும், உள்ளே ஒட்டியிருக்கும் சதையைச் சுருங்க வைக்கும். டாக்டர் அவசரப்படாமல் எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்கவே கூடாது, வயிற்றில் இருப்பது பெண் குழந்தையானால் அதன் உறுப்புகளையே இது கெடுத்துவிடும். அதற்குக் கருத்தடை மாத்திரையும் கூடாது, ஆணுறைதான். ரத்தம் கட்டிப்போகும் நோய், கல்லீரல் நோய், இதயக் கோளாறு உள்ளவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். இடையிடையே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எடை கூடும், முகப்பரு வரும், உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், முகத்தில் முடி முளைக்கலாம். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் தொண்டை கரகரத்தாலோ குரல் மாறினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வந்து நிற்க வேண்டும், சில பேருக்குப் போன குரல் திரும்புவதில்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறார். இவள், “ஸ்டேஷன்ல இருக்கேன் டாக்டர்” என்று சொல்லியிருக்கிறாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

இதையெல்லாம் அவள் என் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். சிரிப்புக்குக் காரணம் அவள் வீட்டுக்காரர். அவர் சலூன் வைத்திருக்கிறார். தங்கமான மனுஷன், கத்தரிக்கோல் சத்தம் கேட்கிற அளவுக்குக்கூட அவர் சத்தம் கேட்காது. டாக்டர் ‘முகத்தில் முடி’ என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். மற்றதெல்லாம் அவருக்குத் தெரியாத விஷயம், முடி அவருடைய தொழில் அல்லவா? வீட்டுக்கு வரும் வழியில், “நீ எதுக்கும் கவலைப்படாத, முடியை நான் பாத்துக்கறேன்” என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

அதன்படி தினமும் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வாடிக்கையாளர் கனிவுதான். சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, விளக்கைப் போட்டு, மோவாய், மேலுதடு, காதோரம் என்று ஒரு இடம் விடாமல் பார்ப்பார். ஒரு நாள் மோவாயில் ஒரே ஒரு முடி கிடைத்தது. புதையல் எடுத்தவர்போல அதைப் பிடுங்கிக் காகிதத்தில் வைத்து அவளுக்கே காட்டினாராம். “எனக்குத் தாடி வந்தா கடைக்கு ஒரு வாடிக்கை லாபம்னு நெனச்சிருப்பீங்க” என்று இவள் கிண்டல் செய்திருக்கிறாள்.

மாத்திரை வேலை செய்தது. அதை நான் மறைக்க மாட்டேன். இரண்டாவது மாதத்திலிருந்து மூலை பெஞ்சு காலியாகவே கிடந்தது. வெந்நீர்ப் பையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். கனிவு கொஞ்சம் பூசினாற்போல ஆனாள், கன்னத்தில் பள்ளிக்கூடப் பெண்போலப் பருக்கள் வந்தன, பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று வேர்த்துக் கொட்டி மின்விசிறிக்கு அடியில் ஓடுவாள். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை. பதின்மூன்று வயதுக்குப் பிறகு முதல்முறையாக நாட்காட்டியைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கிறேன் அக்கா என்றாள். மகளோடு ஓடிப்பிடித்து விளையாடினாளாம், அதைச் சொல்லும்போது கண் கலங்கிற்று.

அப்புறம் மைக் கெட்டது.

அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். ஒரு காலை அறிவிப்பில், உச்சிக்குப் போகும் இடத்தில் ஒலிபெருக்கி கீறியது. போகட்டும் என்று விட்டோம். மறுநாளும் அதே இடத்தில் கீறல். எங்கள் நிலையத்தின் ஒலிபெருக்கிகளுக்கெல்லாம் ஒரே மெக்கானிக். மைக்காரர் என்று கூப்பிடுவோம். அவருக்கு அந்த செட்டு பெற்ற பிள்ளை மாதிரி. யாராவது அதைக் குறை சொன்னால் முதலில் கோபப்படுவார், பிறகு ராத்திரி பகல் பார்க்காமல் அதைச் சரிசெய்வார். இந்தத் தடவை குறை சொன்னவள் கனிவு. அதனால் கோபப்படாமல் நேராகக் கழற்ற ஆரம்பித்தார்.

முதலில் மைக்கைத் துடைத்தார். பிறகு கேபிளை மாற்றினார். ஆம்ப்ளிஃபயரைத் திறந்து தூசி தட்டினார், கூரையில் ஏறி ஒவ்வொரு ஒலிபெருக்கியாகக் காதை வைத்துக் கேட்டார். எலி கடித்த ஒரு வயரைக் கண்டுபிடித்து, இதுதான் இதுதான் என்று துள்ளினார். அது சரியானதும் இரண்டு நாள் நன்றாக இருந்த மாதிரி எங்களுக்கே தோன்றியது. மறுபடியும் கீறல். அடுத்து மேலிடத்தில் சண்டை போட்டுப் புது மைக்குக்கு எழுதி வாங்கினார். புது மைக் வந்தபோது பெட்டியைப் பிரிக்க நாங்கள் எல்லோரும் மாடியில் கூடியிருந்தோம். அதிலும் கீறல். அப்போதுகூட அவர், புது மைக்குக்குப் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒத்துவரவில்லை என்றுதான் சொன்னார். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடின கதைதான்.

கனிவும் ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுவிட்டு, “இன்னும் இரையுது அண்ணா, பாருங்க” என்பாள். வீட்டில் பேசும்போது தொண்டை கம்மியிருந்தால் சளி என்றாள், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். சலூன்காரர் தினமும் காலையில் விளக்கைப் போட்டு அவள் மோவாயைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். மோவாயிலிருந்து நாலு விரல் கீழேதான் தொண்டை. வாசலில் காவல் நின்றோம், திருடன் கொல்லைப்புறமாக வந்து போய்க்கொண்டிருந்தான்.

ஒருநாள் மத்தியானம் பெருமழை. காற்றில் எங்கோ கம்பி அறுந்து மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. அந்த நேரம் பார்த்து, முதல் பிளாட்பாரத்துக்கு வர வேண்டிய தொலைதூர ரயிலை மூன்றாவதுக்குத் திருப்பிவிட்டார்கள். முதல் பிளாட்பாரம் முழுக்கக் கூட்டம், குழந்தை குட்டிகள், பெட்டி படுக்கைகள். ரயில் அதிக நேரம் நிற்காது. மைக் வேலை செய்யாது. மாஸ்டர் தலையில் கை வைத்தார்.

கனிவு படியில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினாள். என்ன செய்யப் போகிறாள் என்று நானும் பின்னால் ஓடினேன், டார்ச்சோடு மைக்காரரும் வந்தார். நடைமேம்பாலத்தின் நடுவில் போய் நின்று, இரு கையையும் வாயருகே குவித்து, தன் முழுக் குரலையும் எடுத்தாள். பார்சல் ஆபீசிலிருந்து கடைசிப் பிளாட்பாரம் வரைக்கும் கேட்ட குரல் அது.

முதல் சொல் வந்தது. இரண்டாவது சொல்லில் குரல் இரண்டாகப் பிளந்தது. மேல் பாதி எங்கேயோ போயிற்று, கீழே இருந்து மீசை முளைக்கும் வயதுப் பையனின் கட்டைக் குரல் ஒன்று வந்தது. கீழே சில பேர் சிரித்தார்கள். மறுபடி எடுத்தாள், மறுபடியும் அதேதான்.

என் பக்கத்தில் நின்ற மைக்காரர் டார்ச்சை அணைத்தார். பிறகு மெதுவாக, “இங்க மைக்கே இல்லையேக்கா” என்றார்.

கனிவு காதிலும் அது விழுந்தது. ஒரு நிமிடம் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் நின்று அழுதுகொண்டிருக்க அவளுக்கு ஏது நேரம்? கீழே இறங்கினாள். வந்த குரலிலேயே ஆள் ஆளாகப் போய்ச் சொன்னாள், மூணாவது பிளாட்பாரம், மூணாவது பிளாட்பாரம் என்று. ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டாள், ஒரு பெட்டியை இழுத்தாள். அவளிடம் திட்டு வாங்கிய போர்ட்டர்கள் எல்லாரும் அவளோடு சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். ரயில் வந்து நின்றபோது முதல் பிளாட்பாரத்தில் ஒருவர்கூட இல்லை.

எல்லாம் முடிந்து நனைந்த உடையோடு என் அறைக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“டாக்டர் சொன்னாங்கக்கா. கரகரத்தா அன்னைக்கே வரணும்னு சொன்னாங்க. என் காதுல நல்லா விழுந்துச்சு.”

நான் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினேன்.

“வலி இல்லாம இருந்தேன் இல்லையா? அதான் மைக்குதான் கெட்டிருக்கணும்னு மனசு ஆசைப்பட்டுடுச்சு” என்றாள்.

மறுநாள் டாக்டரிடம் போனார்கள், நானும் கூடப் போனேன். அவளுடைய வேலை என்னவென்று அன்றைக்குத்தான் டாக்டருக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஸ்டேஷன் என்றதும் டிக்கெட் கொடுப்பவள் என்று நினைத்துவிட்டாராம். கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “என்ன வேலைன்னு இன்னொரு கேள்வி கேட்டிருக்கணும்மா. குரலை நம்பிப் பொழைக்கறவங்களுக்கு நான் இதைக் கொடுத்திருக்கவே மாட்டேன்” என்றார். அப்படி ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டதில்லை. என் கோபத்தில் பாதி அங்கேயே வடிந்துவிட்டது. தொண்டை டாக்டர் ஒருவர் கேமரா விட்டுப் பார்த்துக் குரல் நாண் தடித்துவிட்டது என்றார். மாத்திரையை நிறுத்தியதால் இனிமேல் இறங்காது, ஆனால் இறங்கினது ஏறுமா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்கள்.

மீதிப் பாதிக் கோபத்தை நான் சலூன்காரர்மேல் காட்டினேன். உங்கள் கண்ணுக்கு உலகத்தில் முடியைத் தவிர ஒன்றும் தெரியாதா என்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே வைத்து வாங்கினேன். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கனிவுதான் நடுவில் வந்தாள். “அவரை விடுங்கக்கா. நீங்க எல்லாரும் வெளிய இருந்து கேட்டீங்க. நான் உள்ள இருந்து கேட்டேன், எனக்கே தெரியல. மாத்திரையையும் திட்டாதீங்க, அது சொன்ன வேலையைச் செஞ்சுது” என்றாள்.

வலி திரும்பி வந்தது. அலமாரியிலிருந்து வெந்நீர்ப் பை வெளியே வந்தது. டிக்கெட் கவுண்டரில் இருந்த சின்னப் பெண் இப்போது மாடியில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தாள். கனிவு கீழே பெஞ்சில் சுருண்டு கிடந்து அதைக் கேட்டாள். தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பார்கள், இவளுக்கு இரண்டும் சேர்ந்து வந்தது. ஆனாலும் அவள் புலம்பி நான் பார்க்கவில்லை. அறையில் யாரும் இல்லாத நேரம் எழுந்து கண்ணாடிமுன் நின்று ரயில் பெயர்களைச் சொல்லிப் பார்ப்பாள். குரல் பயிற்சி கொடுக்கும் ஒருவரிடம் தொண்டை டாக்டர் அனுப்பியிருந்தார். பழைய உயரத்தை எட்டிப் பிடிக்காதே, இருக்கிற இடத்திலேயே நின்று பேசு என்பதுதான் அவர் சொல்லிக் கொடுத்த பாடம். கேட்க எளிது. பழக்கத்தில் குரல் மேலே தாவும், உடையும். மறுபடி கீழே இருந்து ஆரம்பிப்பாள். பெஞ்சைத் துடைக்கிற சாக்கில் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

டாக்டர் அவளுக்கு வேறு வகை ஹார்மோன் மாத்திரை எழுத முன்வந்தபோது அவள் கேட்ட கேள்விகளுக்கு அந்த அம்மா நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தொண்டையைத் தொடுமா, எலும்பைத் தொடுமா, மனசைத் தொடுமா, எத்தனை நாள் சாப்பிடலாம், எதைக் கண்டால் நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நடுநடுவில் ரத்தம் திட்டுத் திட்டாக வரலாம், தலை வலிக்கலாம், மனசு சோர்ந்துபோனால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றார். குரல் மாறுவது இதில் ரொம்ப அபூர்வம், ஆனாலும் துளி மாறினாலும் வா என்றார். அந்த மாத்திரையில் வலி முழுசாகப் போகவில்லை. பாதி குறைந்தது. பாதி போதும் என்றாள்.

குரல் ஏறவில்லை. உடைவது நின்று, கீழேயே தங்கிவிட்டது. கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல். மகளைத் தூங்கவைக்கப் பாடும்போது மட்டும் இன்னும் பாதியில் நின்றுவிடுகிறேன் என்று ஒருநாள் சொன்னாள்.

மேலதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தபோது பேச்சு எழுந்தது. பிளாட்பாரத்தில் இனிமையான குரல் வேண்டும், இந்த அம்மாவை மறுபடி பார்சலுக்கு அனுப்பிவிடலாம் என்றார். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு மூட்டை நகர்த்த முடியுமா? மாஸ்டர் மென்று விழுங்கினார். கனிவு முன்னால் வந்து, “ஒரு மணி நேரம் மைக்கைக் கொடுங்க சார். அதுக்கப்புறம் நீங்க சொல்ற இடத்துக்குப் போறேன்” என்றாள். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. அதிகாரி யோசித்துவிட்டு, சரி, முதலில் அந்தச் சின்னப் பெண், பிறகு நீங்கள், நான் பிளாட்பாரத்தில் நின்று கேட்கிறேன் என்றார்.

சின்னப் பெண் பேசினாள். நல்ல குரல், பொய் சொல்லக் கூடாது. கிட்டத்தட்ட பழைய கனிவு. அதிகாரி தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

பிறகு கனிவு. ஒவ்வொரு சொல்லாக, அவசரமில்லாமல், தரையில் கால் ஊன்றி நடப்பதுபோல வந்தது அந்தக் குரல். ஒரு ரயிலுக்குப் பிளாட்பாரம் மாறியதையும் சொன்னாள். அதிகாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

என் அறை வாசலில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். பல வருடமாகக் கண் வைத்தியத்துக்காக மனைவியை வாராவாரம் அழைத்துப்போகிறவர், காது மந்தம். எனக்கு அவர் ஒரு தீராத தொல்லை. ஒவ்வொரு அறிவிப்பு முடிந்ததும் கதவுக்குள் தலையை நீட்டி, “என்னம்மா சொன்னாங்க?” என்பார். நான் கத்திச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போவேன். சின்னப் பெண் பேசினபோதும் கேட்டார். இப்போது அவர் என்னைக் கேட்கவில்லை. தானாகவே எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்த மனைவியிடம், “வா, நம்ம வண்டி நாலாவதுக்கு மாறிடுச்சாம்” என்றார். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அதிகாரியும் அதைப் பார்த்துவிட்டார். தாத்தாவை நிறுத்தி, அறிவிப்பு சரியாகக் கேட்கிறதா என்று காதருகே குனிந்து கேட்டார்.

“இப்பப் பேசினாங்களே, அந்தம்மா சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுது. முன்னாடியெல்லாம் ஒரு பொண்ணு பேசுவா, எனக்குக் காதுல விசில் அடிக்கிற மாதிரிதான் இருக்கும், ஒண்ணும் விளங்காது. இவங்களையே வெச்சுக்குங்க சார்” என்றார் தாத்தா.

நேரம் முடிந்து கனிவு அதற்குள் இறங்கி வந்திருந்தாள். அவர் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். முன்னால் வந்து, “அந்தப் பொண்ணும் நான்தான் தாத்தா” என்றாள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அந்தக் குரலேதான் என்று தெரிந்ததும் முகத்தில் அத்தனை வருத்தம்.

“அப்ப இத்தனை வருஷமா ஏம்மா இப்படிப் பேசல?”

வலியில் அழாதவள், குரல் உடைந்தபோது அழாதவள், அந்தத் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, அவள் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மாஸ்டரிடம், “அடுத்த வண்டிக்கு நேரமாச்சே, அவங்களை மேல போகச் சொல்லுங்க” என்றார்.